தேன்மெழுகும் வெங்காயச் சருகும்: செக் நாட்டு ஈஸ்டர் முட்டை

செக் நாட்டில் ஈஸ்டருக்காக அலங்கரித்த முட்டையை க்ராஸ்லிட்செ என்பார்கள். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை காலையில் பையன்கள் வில்லோ மரத்தின் இளங்குச்சிகளைப் பின்னிச் செய்த பொம்லாஸ்கா என்ற சாட்டையோடு வீடு வீடாகப் போய், பெண்களின் காலில் லேசாகத் தட்டிப் பாட்டுப் பாடுவார்கள். பதிலுக்கு வீட்டுப் பெண்கள் கையில் கொடுப்பது இந்த முட்டைதான். கொடுப்பதற்கென்றே செய்வதால், அது பார்க்க அழகாக இருப்பது மட்டும் போதாது. கை பட்டாலும் சாயம் ஒட்டக் கூடாது, கோலம் உரியக் கூடாது.

அலங்கரிக்கும் முறை ஊருக்கு ஊர் வேறு. நாட்டின் கிழக்கே உள்ள மொராவியாவின் ஹனா பகுதியில் பார்லி வைக்கோலைப் பிளந்து, தட்டையாக்கி, நெல்மணி அளவுக்கு நறுக்கிச் சாயம் ஏற்றிய முட்டைமேல் ஒட்டுவார்கள். தெற்கு மொராவியாவில் வ்னோரொவி என்ற ஊர் சுரண்டும் முறைக்குப் பேர்போனது. அங்கே அடர்ந்த நிறம் ஏற்றிய ஓட்டைக் கூரான கத்திமுனையால் கீறிக் கீறியே பூவேலை செய்கிறார்கள். மெல்லிய கம்பியால் முட்டையைப் பின்னிக் கட்டுவதும் உண்டு. வீட்டில் முதல்முறையாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது மெழுகு முறை. வேண்டிய பொருள்கள் குறைவு. குண்டூசி, தேன்மெழுகு, வெங்காயச் சருகு, ஒரு மெழுகுவர்த்தி, இவ்வளவு போதும்.

பாத்திக் புடவையின் சூத்திரம்தான் இங்கேயும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெள்ளை முட்டையில் மெழுகால் போட்ட கோடு கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். முட்டையை மஞ்சள் நிறச் சாயத்தில் ஊறவைத்து, காய்ந்த பிறகு மறுபடி மெழுகால் வரைந்தால் அந்தக் கோடுகள் மஞ்சளாக நிற்கும். அப்புறம் இன்னும் அடர்ந்த நிறத்தில் போட வேண்டும். எல்லாம் முடிந்து மெழுகை உருக்கித் துடைத்தால் எல்லா நிறமும் ஒன்றாக வெளியே வரும். இதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இரண்டே காரணத்தால் வருகின்றன: மெழுகு போதிய சூட்டில் இல்லை, அல்லது சாயம் போதிய அளவு ஆறவில்லை.

முட்டை

வெள்ளை ஓடுள்ள முட்டைதான் வேண்டும். பழுப்பு முட்டையில் வெள்ளைக் கோடு கிடைக்காது, மஞ்சளும் மங்கும். இருட்டில் டார்ச் வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் தெரிந்துவிடும். விரிசல் உள்ள முட்டை, மெழுகை உருக்கும்போது பிளந்துகொள்ளும்.

முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத புரதப் படலம் ஒன்று இருக்கிறது. சாயம் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். தேங்காய் நாரோ ஸ்க்ரப்பரோ போட்டுத் தேய்த்தால் படலம் திட்டுத் திட்டாகப் போய்விடும், சாயமும் திட்டுத் திட்டாகவே ஏறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைக்கு வரும் முதல்தர முட்டைகளைப் பொதுவாகக் கழுவுவதில்லை. அதனால் செக் நாட்டவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு விரலால் மட்டும் கழுவி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அதன்பிறகு எண்ணெய்க் கையால் தொட வேண்டாம். விரல்ரேகை பட்ட இடம் அப்படியே வெளிறி நிற்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அறைச் சூட்டுக்கு வரும்வரை வைத்திருங்கள். வியர்த்த ஓட்டில் மெழுகு ஒட்டாது.

வருடக்கணக்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் முட்டையைக் காலி செய்துவிடுவதே நல்லது. கூரான முனையில் 2 மில்லிமீட்டர், மழுங்கிய முனையில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் துளை. உள்ளே ஊசியை விட்டு மஞ்சள் கருவைக் கலைத்துவிட்டு, சிறிய துளை வழியாக ஊதி வெளியேற்றலாம். வாய்க்குப் பதில் ஊசி இல்லாத சிரிஞ்சால் காற்றைச் செலுத்தினால் இன்னும் சுத்தம். உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கழுவி, பெரிய துளை கீழே இருக்கும்படி ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். இப்படிக் காயவிடுவதில் அவசரம் கூடாது. உள்ளே தங்கும் ஈரம் பிறகு மெழுகை உருக்கும் நேரத்தில் ஆவியாகித் துளை வழியே வழிந்து, முடிந்த வேலையின்மேல் கறையாக இறங்கும்.

காய்ந்ததும் இரண்டு துளைகளையும் ஒவ்வொரு சொட்டு மெழுகால் அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் சாயம் உள்ளே புகுந்து, வரையும்போது துளித்துளியாகக் கசியும்.

மெழுகும் குண்டூசியும்

தேன்மெழுகுக்கு மாற்று தேடாதீர்கள். கடையில் விற்கும் சாதாரண மெழுகுவர்த்தி பாரஃபின். அது இறுகியதும் உடையும் தன்மை கொண்டது, கை அழுத்தினால் சில்லாகப் பெயரும், அந்த இடத்தில் சாயம் நுழைந்துவிடும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், ஓட்டிலிருந்து பெயராது. 10 முட்டைக்கு 30 கிராம் தாராளம். வெள்ளை ஓட்டில் வெளிர்மஞ்சள் மெழுகு கண்ணுக்குத் தெரியாமல் போகும். கறுப்பு மெழுகு க்ரேயானைச் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்துச் சேர்த்து உருக்கினால், எங்கே போட்டோம் எங்கே விட்டோம் என்று தெரியும்.

கருவி, தலை உருண்டையான குண்டூசி. அதன் கூர்முனையைப் பென்சிலின் பின்பக்க ரப்பரில் செருகினால் போதும். தலை உலோகமாகவோ கண்ணாடியாகவோ இருக்க வேண்டும். வண்ணப் பிளாஸ்டிக் தலை மெழுகின் சூட்டில் இளகி உருக்குலையும். 2 மில்லிமீட்டர் தலை ஒன்று, 3 அல்லது 4 மில்லிமீட்டர் தலை ஒன்று என இரண்டு அளவு வைத்துக்கொண்டால் கோலத்தில் பெரிது சிறிது வரும்.

டீலைட் மெழுகுவர்த்தியின் காலி அலுமினியக் கிண்ணத்தில் மெழுகைப் போட்டு, எரியும் இன்னொரு டீலைட்டின் மேல் சிறு கம்பி ஸ்டாண்டில் வையுங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் உருகினால் மட்டும் போதாது. அப்போதுதான் உருகிய மெழுகு ஊசித்தலையில் எடுத்து ஓட்டைத் தொடுவதற்குள் பாதி இறுகிவிடும். அது ஓட்டுக்குள் இறங்காமல் மேலே குமிழாக உட்காரும், சாயத்தில் போட்டதும் கழன்று மிதக்கும். நன்றாகத் தண்ணீர் போல ஓடும்வரை சூடாக வேண்டும். அதே நேரம் புகை வரக் கூடாது. புகை வந்தால் உடனே நெருப்பிலிருந்து இறக்குங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஒரு மூடியைப் போட்டு அணைக்க வேண்டும்.

கோலத்தின் அடிப்படை ஒரே ஓர் இழுப்புதான். ஊசித்தலையை மெழுகில் முக்கி, இரண்டு விநாடி அங்கேயே வைத்து, தலையும் சூடேறியதும் எடுத்து, ஓட்டில் தொட்டு, நிற்காமல் உங்களை நோக்கி இழுங்கள். தொட்ட இடம் பருத்தும், இழுத்த முனை மெலிந்தும், கண்ணீர்த்துளி வடிவம் வரும். ஒரு முக்குக்கு ஓர் இழுப்பு. மிச்சம் இருக்கிறதே என்று இரண்டாவது துளிக்குப் போனால் அது பிசிறடிக்கும். கிண்ணத்துக்கும் முட்டைக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தூரம் வேண்டாம். அந்தத் தூரத்தில்தான் சூடு போகிறது. சுண்டுவிரலை முட்டைமேல் ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது. கையைத் திருப்புவதைவிட, முட்டையைத் திருப்பி எப்போதும் ஒரே திசையில் இழுப்பது நேர்த்தி தரும்.

துளியைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடலாம். வால் குட்டையாக, விளிம்பு தடித்து, தொட்டால் மேடாகத் தெரிந்தால் மெழுகு குளிர்ந்திருக்கிறது. வாலே இல்லாமல் அகலமாகப் பரவி, ஓரம் மங்கலாக இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது, கிண்ணத்தைச் சற்று உயர்த்துங்கள். சரியான துளி தட்டையாகவும், ஓரம் கூர்மையாகவும், லேசாக ஓட்டுக்குள் ஊறிய மாதிரியும் இருக்கும்.

இந்த ஒரு துளியை வைத்தே பெரும்பாலான மரபுக் கோலங்களைக் கட்டலாம். நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் எட்டுத் துளிகள் மையத்தை நோக்கி இழுத்தால் சூரியன். இரண்டு துளிகள் வால்பக்கம் சேர்ந்தால் இதயம். ஒரு நேர்க்கோட்டின் இருபுறமும் சாய்வாக ஜோடி ஜோடியாக இறங்கினால் கதிர் அல்லது கிளை. நீண்ட கோடுகளுக்குக் குண்டூசி சரிப்படாது. அதற்குக் குச்சியில் கட்டிய சிறு உலோகக் குழாய் முனையைப் பயன்படுத்துகிறார்கள். முதல் முட்டைகளில் கோடே இல்லாமல் துளியும் புள்ளியுமாகச் செய்யுங்கள், அதுவே நிறைவாக இருக்கும்.

முட்டையைச் சமமாகப் பிரிக்க ஒரு ரப்பர் பேண்டை இடுப்பில் மாட்டி, அதை ஒட்டி மெல்லிய பென்சில் கோடு போடலாம். அழிரப்பர் பயன்படுத்த வேண்டாம், அதன் பிசுபிசுப்பு சாயத்தைத் தடுக்கும். மெழுகுக்கு அடியில் போன பென்சில் கோடு மெழுகை எடுத்த பிறகும் சாம்பல் நிறமாகத் தெரியும் என்பதால், கோடு துளிகளுக்கு இடையே மட்டும் போகட்டும்.

தவறி விழுந்த துளியைச் சுரண்டி எடுத்தாலும் ஓட்டின் நுண்துளைகளில் மெழுகு தங்கிவிடும், அந்த இடம் நிறம் பிடிக்காது. அதைச் சுற்றி இன்னொரு பூ போட்டுக் கோலத்தோடு சேர்ப்பதுதான் ஒரே வழி.

ஒரே சாயத்தில் மூன்று நிறம்

செக் வீடுகளில் மிகப் பரவலான இயற்கைச் சாயம் வெங்காயச் சருகு. மெழுகு வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க ஒரு காரணம் உண்டு: ஒரே பாத்திரத்தில் வெளிர்மஞ்சள் முதல் செம்பழுப்பு வரை எல்லாம் கிடைக்கும். நேரம் மட்டும்தான் மாறும்.

பத்துப் பெரிய வெங்காயத்தின் உலர்ந்த மேல்தோல், அதாவது அழுத்திப் பிடித்தால் இரண்டு கைப்பிடி, ஒரு லிட்டர் தண்ணீரில். கொதி வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் காய்ச்சி, மூடி வைத்து, முழுக்க ஆறவிட வேண்டும். இரவில் காய்ச்சிக் காலையில் எடுப்பது வசதி. எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம் நல்லது. இரும்புச் சட்டியில் காய்ச்சினால் சருகிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து நிறம் கறுத்துவிடும். துணியில் வடிகட்டுங்கள், ஒரு சருகுத் துணுக்கு ஓட்டில் ஒட்டினாலும் அங்கே மச்சம் விழும். இந்தச் சாயத்துக்கு வினிகர் தேவையில்லை.

சாதாரண வெங்காயச் சாய முட்டையைச் சாயத்தோடு சேர்த்தே வேகவைப்பார்கள். மெழுகு போட்ட முட்டையில் அது நடக்காது. கையை விட்டால் சூடே தெரியாத அளவுக்குச் சாயம் ஆறியிருக்க வேண்டும், 30 டிகிரிக்குக் கீழே. அதற்கு மேல் மெழுகு இளகி, ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். சூடு இல்லாததை நேரத்தால் ஈடுகட்ட வேண்டும்.

முதல் கோலம் வெள்ளை ஓட்டில். பிறகு சாயத்தில் 20 நிமிடம், மஞ்சள் ஏறும். எடுத்து ஒற்றி, காயவிட்டு, இரண்டாவது கோலம். மறுபடி சாயத்தில் ஒன்றரை மணி நேரம், ஆரஞ்சு கலந்த மஞ்சள். மூன்றாவது கோலம். கடைசியாக இரவு முழுக்க, செம்பழுப்பு. முட்டைக்கு முட்டை ஏற்றம் மாறும், அதனால் கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். கடைசி நிறம் ஆழம் போதவில்லை என்றால் சாயத்தைப் பாதியாக வற்றக் காய்ச்சி, ஆறவிட்டு, திரும்பப் போடலாம்.

காலி முட்டை மிதக்கும். மிதந்தால் பாதிதான் நிறமாகும். அகலக் கிளாஸில் சாயத்தை விட்டு, முட்டையைப் போட்டு, மேலே தண்ணீர் நிரப்பிய சிறு கிண்ணத்தை அமர்த்தி அழுத்தி வையுங்கள். அவ்வப்போது திருப்பினால் கிண்ணம் பட்ட இடம் வெளிறாது. வெளியே எடுக்கும்போது துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். ஈரமான ஓட்டில் நிறம் இன்னும் பிடிமானம் இல்லாமல் இருக்கும், தேய்த்தால் வந்துவிடும். அடுத்த மெழுகுக்கு முன் குறைந்தது 20 நிமிடம் காயட்டும்.

செக் நாட்டின் மரபு ஈஸ்டர் நிறம் சிவப்பு. அதற்குப் பிரேசில் மரச் சீவலைக் காய்ச்சும் வழக்கம் இருந்தது. அதிலுள்ள ‘பிரேசிலின்’ என்ற சாயப்பொருள் நம் பதிமுக மரத்திலும் இருக்கிறது. 25 கிராம் பதிமுகச் சீவலை அரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் காய்ச்சி, வடிகட்டி, அரைத் தேக்கரண்டி படிகாரத்தூளைக் கரைத்தால் சிவப்பு கிடைக்கும். இதில் வினிகர் சேர்த்தால் புளிப்பு பட்டு நிறம் மஞ்சள் பக்கம் ஓடிவிடும்.

பாக்கெட் சாயம் வாங்கினால் கதை வேறு, அதற்கு வினிகர் வேண்டும். ஒரு முக்கிய விவரம்: செக் சமையலறையின் வினிகர் 8 சதவீதம். அவர்கள் குறிப்பில் ஒரு கரண்டி என்றால், நம்மூரில் கிடைக்கும் 4 சதவீத வினிகரில் இரண்டு கரண்டி. அதற்கு மேல் போனால் அமிலம் ஓட்டின் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கத் தொடங்கும். குமிழ்கள் மெழுகின் ஓரத்தில் கிளம்புவதைப் பார்க்கலாம். அடியிலுள்ள ஓடு மாவாகி, மெழுகு தானாக உரியும். குமிழ் நிறையத் தெரிந்தால் முட்டையை எடுத்துவிடுங்கள்.

நிறங்களின் வரிசை எப்போதும் வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்கு. சாயங்கள் கண்ணாடி போல அடியிலுள்ள நிறத்தைக் காட்டும். மஞ்சள்மேல் நீலம் போட்டால் பச்சை, பச்சைமேல் சிவப்பு போட்டால் அழுக்குப் பழுப்பு. பச்சை கொஞ்சமாக வேண்டுமென்றால் முழு முட்டையையும் முக்காமல், வேண்டிய இலைகளில் மட்டும் பஞ்சுக்குச்சியால் பச்சைச் சாயம் தொட்டு, காய்ந்ததும் மெழுகால் மூடிவிட்டு, சிவப்புக்குப் போங்கள்.

மெழுகை எடுப்பது

நன்றாகக் காய்ந்த முட்டையில் முதல் வேலை, அடைத்த துளைகளைத் திறப்பது. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து மெழுகை வெளியே தெறிக்க வைக்கும், ஓடும் விரிசல் விடலாம்.

பிறகு மெழுகுவர்த்திச் சுடரின் பக்கவாட்டில், ஒரு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். மேலே பிடித்தால் கரி ஏறும், அந்தக் கரி மெழுகோடு கலந்து வெள்ளைக் கோடுகளைச் சாம்பலாக்கிவிடும். மெழுகு பளபளத்து ஈரம் போல ஆனதும் டிஷ்யூவின் சுத்தமான பகுதியால் ஒரே வீச்சில் துடையுங்கள். அடுத்த துடைப்புக்கு வேறு பகுதி. ரூபாய் நாணயம் அளவு இடம் இடமாக முன்னேறுங்கள். சுடருக்குப் பயந்தால் ஹேர் டிரையரும் செய்யும், நேரம்தான் கூடுதல். கையில் ஒரே பக்கத்தை நீண்ட நேரம் சூடாக்கினால் சாயம் கருகும்.

செக் மரபில் கடைசியாகப் பன்றிக்கொழுப்பைத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். வெப்பமான ஊர்களில் அது நாற்றம் அடிக்கும். துடைத்தபின் ஓட்டில் தங்கும் மெல்லிய தேன்மெழுகுப் படலத்தையே மென்துணியால் தேய்த்தால் அடக்கமான மினுக்கம் வரும். எனக்கு அதுதான் பிடித்த முடிவு. வார்னிஷ் அடிப்பதானால் தண்ணீர் கலந்தது வேண்டாம், நிறம் கரைந்து ஓடும்.

தலைகீழாகவும் செய்யலாம்

இதே பொருள்களை வைத்து வெள்ளைப் பின்னணியில் வண்ணக் கோலம் வரவழைக்கும் முறையும் செக் நாட்டில் உண்டு. முதலில் முட்டை முழுவதையும் சிவப்போ பழுப்போ ஆக்கிவிட்டு, காய்ந்தபின் மெழுகால் வரைகிறார்கள். பிறகு புளித்த முட்டைக்கோஸின் சாற்றில் ஊறப்போடுகிறார்கள். அதிலுள்ள லாக்டிக் அமிலம் ஓட்டின் மேற்பரப்பைச் சாயத்தோடு சேர்த்துக் கரைக்கும். மெழுகின் அடியில் உள்ள நிறம் மட்டும் மிஞ்சும். சில நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, ஈரப்பஞ்சால் மெல்ல வருடிப் பாருங்கள். நிறம் பொடியாகப் பஞ்சில் வரும். வெள்ளை தெரிந்தவுடன் தண்ணீரில் அலச வேண்டும், விட்டுவைத்தால் ஓடு காகிதம் போல மெலியும். இதற்குத் தடித்த ஓடுள்ள முட்டையாகப் பார்த்து எடுங்கள். வினிகரிலும் இதைச் செய்யலாம், ஆனால் அது வேகமாக அரிப்பதால் பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும்.

இயற்கைச் சாயம் வெயிலில் வெளுக்கும், ஜன்னல் ஓரம் வேண்டாம். தொங்கவிட நினைத்தால் நீண்ட ஊசியில் ரிப்பனைக் கோர்த்து இரு துளைகள் வழியே இழுத்து, அடியில் ஒரு மணியைக் கோர்த்து முடிச்சுப் போடுங்கள். ரிப்பனுக்கு வழி வேண்டுமென்றால் அந்தத் துளைகளைக் கோலம் போடும் முன்பே இரண்டு பக்கமும் 4 மில்லிமீட்டராக வைத்துவிட வேண்டும். முடிந்த முட்டையில் துளையைப் பெரிதாக்கப் போனால் ஓடு துளையிலிருந்து கோலம்வரை கீறிக்கொண்டு போகும்.